ஜப்பான் மேற்குக் கரையில் ஏன் இவ்வளவு பனி? செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்புவது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வீடுகளுக்குப் புதிதில்லை. முன்பு பர்மா, மலேயா, சிலோன் என்று போனார்கள்; இப்போது ஜப்பானும் சேர்ந்திருக்கிறது. டோக்கியோவில் பிள்ளை இருக்கும் வீட்டில் பனியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மேற்குக் கரையில், கனசாவா, தொயாமா, நீகாத்தா பக்கம் இருப்பவர்களின் பெற்றோர்தான் தை பிறந்ததும் கேட்க ஆரம்பிக்கிறார்கள். வீடியோ காலில் கார் நின்ற இடத்தில் வெள்ளை மேடு ஒன்று தெரிந்தால் போதும், அடுத்த போன் எனக்கு வரும். அந்தக் கரையில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பியவன் என்பதால் எனக்கு இந்தப் பதவி. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

நம்ம மார்கழிப் பனியும் அதுவும் ஒண்ணுதானே? அங்கே கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதானே?

இல்லைங்க, இரண்டும் வேறு. மார்கழி விடியலில் ஓட்டிலும் புல்லிலும் நாம் பார்ப்பது, தரையை ஒட்டிய காற்றிலிருக்கும் ஈரம் இரவில் குளிர்ந்த பரப்பின்மேல் நீராக ஒட்டிக்கொள்வது. அதற்கு மேகம் வேண்டாம். வானம் தெளிந்திருந்தால்தான் நன்றாக இறங்கும். ஊட்டியில் குளிர் இன்னும் கடுமை என்பதால் அதே ஈரம் உறைபனியாகப் படிகிறது.

ஜப்பானில் கொட்டுவது மேகத்துக்குள்ளேயே படிகமாக உருவாகி மேலிருந்து விழுவது. அது மழைக்குத்தான் பங்காளி. அந்த ஊரின் டிசம்பர், ஜனவரியைக் குளிர்காலம் என்று நினைக்காமல் மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அங்கே குளிர் பயங்கரமா இருக்கும், அதனாலதான் இவ்வளவு கொட்டுதா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வரைபடத்தில் இரண்டு ஊர்களைப் பாருங்கள். ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக், ஜப்பானின் சப்போரோ. இரண்டும் 43-வது அட்சரேகையை ஒட்டியவை. நடுவில் ஜப்பான் கடல். ஜனவரியில் விளாடிவோஸ்டாக்கின் சராசரி சுமார் மைனஸ் 12 டிகிரி, சப்போரோவில் சுமார் மைனஸ் 3. குளிர்தான் காரணம் என்றால் விளாடிவோஸ்டாக் புதைந்து போயிருக்க வேண்டும். அங்கே குளிர்காலத்தில் பெரும்பாலும் வெயிலும் வறண்ட காற்றும்தான். சப்போரோவிலோ ஒரு பருவத்தில் மொத்தம் 4 மீட்டருக்கு மேல் பனி விழுகிறது.

காற்று முதலில் விளாடிவோஸ்டாக்கைக் கடக்கிறது, பிறகு கடலைக் கடக்கிறது, அப்புறம்தான் சப்போரோவுக்கு வருகிறது. சங்கதி அந்தக் கடலில் இருக்கிறது.

சரி, கடல்ல அப்படி என்ன நடக்குது?

குளிர்காலத்தில் சைபீரிய நிலம் கடுமையாகக் குளிர்ந்து, அதன்மேல் கனத்த காற்று தேங்கி உயர் அழுத்தம் உருவாகும். அந்தக் காற்று வடமேற்கிலிருந்து ஜப்பானை நோக்கி வழிந்து வருகிறது. கிளம்பும்போது அதில் ஈரம் மிகக் குறைவு; அவ்வளவு குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்கவும் முடியாது.

ஜப்பான் கடலுக்குத் தெற்கிலிருந்து சுஷிமா என்ற வெப்ப நீரோட்டம் வருகிறது. அதனால் அதன் தென்பகுதி நடுக்குளிர்காலத்திலும் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும் காற்றுக்கு இந்த 10 டிகிரி கொதிநீர். அடியில் சூடேறிய காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு மேலெழுந்து மேகமாகிறது. செயற்கைக்கோள் படத்தில், ரஷ்யக் கரையை ஒட்டிக் கடல் வெறுமையாக இருக்கும். சற்றுத் தள்ளி மேகம் கோடு கோடாக ஆரம்பித்து ஜப்பானை நெருங்க நெருங்கத் தடிக்கும். கரையேறியதும் எதிரே நிற்கும் மலைத்தொடர் அந்த மேகத்தை இன்னும் மேலே தூக்க, சுமந்து வந்ததெல்லாம் அங்கேயே இறங்கிவிடுகிறது.

ஆக, காற்று மட்டும் குளிர்ந்தால் போதாது. கடல் சூடாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பனி.

கேட்டா நம்ம ஐப்பசி மழை மாதிரியே இருக்கே?

எனக்குப் பிடித்த கேள்வி இது. இரண்டுமே ஆசியாவின் குளிர்காலப் பருவக்காற்றின் கிளைகள். நிலம் குளிர்ந்து, காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போய், கடலில் ஈரம் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையில் இறக்குகிறது. ஜப்பானுக்கு ஜப்பான் கடல், நமக்கு வங்காள விரிகுடா. தொண்டிக் கரைக்கும் கனசாவா கரைக்கும் ஈரம் வந்து சேரும் விதம் ஒன்றுதான்.

வித்தியாசங்களும் பெரியவை. சைபீரியாவின் குளிர் நேராக நம்மிடம் வராமல் இமயமலையும் திபெத் பீடபூமியும் மறித்துவிடுகின்றன. நம் கடல் அந்தப் பருவத்தில் 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இங்கே காற்று வீசினால் மட்டும் மழை வந்துவிடாது. காற்றழுத்தத் தாழ்வோ கிழக்கத்திய அலையோ புயலோ வந்தால்தான் கொட்டும், இல்லாவிட்டால் கண்மாய் காய்ந்து கிடக்கும். அங்கே குளிர்க்காற்று வந்தால் பனி அநேகமாக உறுதி.

அளவையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவம் மூன்று மாதமும் சேர்ந்து சராசரியாகத் தருவது சுமார் 440 மில்லிமீட்டர். நீகாத்தா மாநிலத்தின் தகாதாவில், பனியை உருக்கிக் கணக்கிட்டால், ஜனவரி ஒரு மாதத்திலேயே 400 மில்லிமீட்டருக்கு மேல்.

டோக்கியோவுல இருக்கிற என் தம்பி மகன் வெயில் அடிக்குதுங்கிறான். ஒரே நாடுதானே?

நடுவில் மலைத்தொடர் இருக்கிறதே. தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனையும்போது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் நாம் வறண்ட காற்றில் நிற்பதில்லையா, அதே கதைதான். மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டுக் காற்று உலர்ந்து டோக்கியோ பக்கம் இறங்குகிறது. ஜனவரியில் டோக்கியோவில் சுமார் 190 மணி நேரம் வெயில் காய்கிறது. கனசாவாவில் 60 மணி நேரத்தை ஒட்டித்தான். சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்று கனசாவா பக்கம் ஒரு பழமொழியே உண்டு.

அங்கே ஜீரோ டிகிரிகூட இல்லைங்கிறானே, அப்புறம் எப்படி உறையுது?

உறைவது மேலே, மேகத்துக்குள். தரைக்கருகே 1, 2 டிகிரி இருந்தாலும், கீழே வருவதற்குள் முழுதாக உருக நேரம் போதாது. காற்று சற்று உலர்ந்திருந்தால், விழும் பனியிலிருந்து கொஞ்சம் ஆவியாகி அந்தக் குளிர்ச்சியே மிச்சத்தைக் காப்பாற்றும்.

முன்பு சொன்ன தகாதாவின் ஜனவரி சராசரி 2 டிகிரிக்கு மேல். அதாவது பனியில் முழுகும் ஊருக்குள் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்கு மேல்தான் இருக்கிறது. இப்படி விழும் பனி ஈரமாக, கனமாக இருக்கும். கையில் பிடித்தால் உருண்டையாகும், செருப்பில் ஒட்டும். வடக்கே ஹொக்கைடோவில் விழுவது உலர்ந்த தூள், ஊதினால் பறக்கும். பனிச்சறுக்கு ஆடுபவர்களுக்கு அது சொர்க்கம். மண்வெட்டி பிடிப்பவருக்கு இரண்டுமே வேலைதான், ஈரப்பனி கூடுதல் வேலை.

ஒருத்தர் மூணு மீட்டர்ங்கிறார், இன்னொருத்தர் ஆறு மீட்டர்ங்கிறார். யாரை நம்புறது?

இரண்டு பேரும் வேறு வேறு அளவைச் சொல்கிறார்கள். ஒன்று பொழிவு: பருவம் முழுக்க விழுந்ததைக் கூட்டிச் சொல்வது. சப்போரோவுக்கு மேலே சொன்ன 4 மீட்டர் இந்தக் கணக்கு. இன்னொன்று ஆழம்: ஒரு நாளில் தரையில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது. விழுந்த பனி தன் எடையிலேயே அமுங்கும், நடுவில் உருகும். அதனால் ஆழம் எப்போதும் குறைவாகவே வரும். செய்தியில் பெரிய எண்ணைப் பார்த்தால் இதில் எது என்று கேளுங்கள்.

ஆழத்தில் பேர்போன பதிவுகள் மூன்று. தகாதாவில் 1945 பிப்ரவரி 26 அன்று 377 செ.மீ. அது மலை உச்சி இல்லை, ஆட்கள் குடியிருக்கும் சமவெளி ஊர். ஆவோமோரி மலைப்பகுதியில் சுகாயு என்ற வெந்நீரூற்று இடத்தில் 2013 பிப்ரவரி 26 அன்று 566 செ.மீ. எல்லாவற்றுக்கும் மேல் இபுகி மலையில் 1927 பிப்ரவரி 14 அன்று 1,182 செ.மீ., ஏறக்குறைய 12 மீட்டர். இபுகி வடக்கே எங்கோ இல்லை. கியோத்தோவுக்கும் நகோயாவுக்கும் இடைப்பட்ட மலை, உயரம் 1,377 மீட்டர்தான். வடமேற்குக் காற்று உள்ளே புகுந்து வர வசதியான தாழ்ந்த வழி அந்தப் பக்கம் இருக்கிறது. வந்த காற்றை இந்த மலை முதலில் வாங்கிக்கொள்கிறது.

கடலோரத்துல அதிகமா, மலையில அதிகமா?

மொத்தக் கணக்கில் மலைதான். ஆனால் ஜப்பானியர் இதை இரண்டு வகையாகப் பிரித்தே பேசுகிறார்கள். யமாயுகி என்பது மலைப்பனி, சாதோயுகி என்பது ஊர்ப்பனி. வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் மேகம் கரையைத் தாண்டி மலையில் மோதிக் கொட்டும். அந்த நாளில் கடலோர ஊரில் தூறலோடு போகலாம். காற்று தணிந்து, உயரே மிகக் குளிர்ந்த காற்றுத்திரள் ஒன்று ஜப்பான் கடலின்மேல் வந்து நின்றால், மேகம் கடலிலும் கரையிலுமே திரண்டு ஊருக்குள் கொட்டிவிடும். கரையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது காற்று பலமாக வீசும் நாளுக்கு இல்லை.

நேத்து ரோடு தெரிஞ்சுது, இன்னைக்கு ஒரே ராத்திரியில கார் மூடிப்போச்சு. இப்படியும் நடக்குமா?

நடக்கும். சீன, வடகொரிய எல்லையில் பெக்து என்ற மலை, 2,744 மீட்டர் உயரம். சைபீரியாவிலிருந்து வரும் காற்று அந்த மலைத்திரளில் மோதி இரண்டாகப் பிரிந்து, கடலின்மேல் திரும்பவும் ஒன்றோடொன்று மோதும். மோதும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடித்த மேகப்பட்டை உருவாகி, அதன் முனை எந்த ஊரில் கரை தொடுகிறதோ அந்த ஊர் மாட்டிக்கொள்ளும். பட்டை நகராமல் நின்றுவிட்டால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டும், பக்கத்து ஊரில் நிலா தெரியும்.

2018 பிப்ரவரியில் ஃபுகுய் பகுதியில் 8-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 1,500 வண்டிகள் சிக்கிக்கொண்டன. 2020 டிசம்பரில் நீகாத்தா பக்கம் கான்-எத்சு விரைவுச்சாலையில் சுமார் 2,100 வண்டிகள். முழுதாக மீட்க இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. உங்கள் பிள்ளை கார் ஓட்டுபவராக இருந்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். பனியில் வண்டி புதைந்து எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் புகைக்குழாய் அடைபட்டு கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. எஞ்சினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் குழாயைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அள்ளி அகற்ற வேண்டும்.

பனி விழும்போது இடிகூட இடிக்குமாமே?

இடிக்கும். ஜப்பானிலேயே வருடத்தில் அதிக நாள் இடி கேட்கும் ஊர்களில் கனசாவா முன்னால் நிற்கிறது, அதில் பெரும்பங்கு குளிர்காலத்தில். நம் கோடை இடி மேகம் 12 கிலோமீட்டருக்கும் மேல் வளரும். அந்தப் பனி மேகம் குட்டை. நம்மூர்போல வரிசையாக முழங்காது. ஒரே ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விடும், ஆனால் வீடு அதிரும். பெரும்பனிக்கு முந்தி வரும் இடியைப் பனியை எழுப்பும் இடி என்கிறார்கள்.

நம்ம வீட்டுக் கூரையா இருந்தா தாங்குமா?

தாங்காது. பெரும்பனிப் பகுதிகளில் 1 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 3 கிலோ என்று கட்டடக் கணக்குப் போடுகிறார்கள். கூரையில் 2 மீட்டர் நின்றால் சதுர மீட்டருக்கு 600 கிலோ. பர்மாத் தேக்கு உத்தரம் தாங்குமோ என்னவோ, ஓடு தாங்காது. நம் கூரைகள் மழைநீரை உள்ளே நடுமுற்றமான வளவுக்குத் தள்ளும்படி சரிந்தவை. பனி விழுந்தால் வளவு நிரம்பி முகப்புக்கும் அடுப்படிக்கும் போக வழியிருக்காது. ஷிராகவா ஊரின் பழைய புல் கூரைகள் 60 டிகிரி வரை செங்குத்தாக நிற்பது இதற்காகத்தான். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஊர் அது.

மற்ற வீடுகளில் ஏறித் தள்ளித்தான் ஆக வேண்டும். பனியால் நேரும் சாவுகளில் பெரும்பகுதி இந்த வேலையில்தான்: கூரையிலிருந்து விழுவது, சரிந்த பனியில் புதைவது. 2006-ல் முடிந்த குளிர்காலத்தில் 152 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். இளையவர்கள் டோக்கியோ போய்விட்ட ஊர்களில் கூரையில் ஏற ஆள் இல்லை. பூட்டிய பெரிய வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரோட்டு நடுவுல குழாய் வச்சுத் தண்ணி பீச்சுறாங்களே, அது உறைஞ்சு வழுக்காதா?

கடுங்குளிர் ஊரில் உறையும். அதனால் ஹொக்கைடோவில் இந்த வழி எடுபடாது. கரையோரத்தில் காற்று பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதால் (2 டிகிரி கதையை மேலே பார்க்க) நடக்கிறது. நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் 13 டிகிரி போல இருக்கும். அதை இறைத்துச் சாலையில் விட்டால் பனி கரைந்து ஓடிவிடும். நாகஓகாவில் 1961-ல் தொடங்கிய ஏற்பாடு. நீரிலிருக்கும் இரும்பால் சாலையெல்லாம் துருச்சிவப்பு.

விலையும் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் இறைத்து மினாமி-உஓநுமா பகுதியில் நிலமே தாழ்ந்திருக்கிறது. போர்வெல் போட்டுப் போட்டு ஆழம் போன நம்மூர்க் கதைக்குத் தூரத்துச் சொந்தம்.

அங்கேயும் திண்ணை உண்டுன்னு சொன்னீங்களாமே?

திண்ணை என்று சொன்னால் கொஞ்சம் மிகை. தகாதாவில் கங்கி என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் சொந்த மனையில், வாசலுக்கு முன்னால் கூரையை நீட்டிவிடுவார். அடுத்தடுத்த வீட்டு நீட்டல்கள் சேர்ந்து தெரு நெடுக மூடிய நடைபாதையாகிவிடும். தெருவில் ஆள் உயரம் பனி நின்றாலும் அதனடியில் கடைக்குப் போய் வரலாம். சொந்த இடத்தை வழிப்போக்கருக்கு விடுகிற பழக்கம் என்ற அளவில் நம் திண்ணைக்காரர்களுக்குப் புரியும்.

இவ்வளவு பனியால யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

விவசாயிக்கு உண்டு. மலையில் நிற்கும் பனிதான் அவர்களுக்குக் கண்மாய். நாம் ஐப்பசி, கார்த்திகை நீரைக் கரை கட்டித் தேக்குகிறோம். அவர்களுக்கு மலை தானே தேக்கி வைத்து, சித்திரை, வைகாசியில் நடவு நேரம் பார்த்து மெல்ல மெல்ல விடுகிறது. பேர்போன உஓநுமா கோஷிஹிகாரி அரிசி இந்த நீரில் விளைவது. பனியை அறையில் அடைத்து வைத்துக் கோடையில் காய்கறி, அரிசி, சாகே மது ஆகியவற்றைக் குளிர்ச்சியாகக் காக்கும் வழக்கமும் உண்டு.

என் மகன் பாஸ்டன்ல இருக்கான். அங்கேயும் இதே காரணமா?

இல்லை. பாஸ்டனில் பெரும்பனி கொட்டுவது கடலோரமாக ஏறிவரும் காற்றழுத்தத் தாழ்வால். அது சுழன்று வடகிழக்கிலிருந்து அட்லாண்டிக் ஈரத்தைக் குளிர்ந்த நிலத்தின்மேல் வீசும். நம் புயல் மழைக்குக் கொஞ்சம் நெருக்கம். 2014-15 பருவத்தில் அங்கே மொத்தம் 281 செ.மீ. விழுந்தது, அது அந்த ஊரின் சாதனை.

ஜப்பானைப் போல நடப்பது பஃபலோவில். அங்கே கடலுக்குப் பதில் ஈரி ஏரி. 2022 நவம்பரில் பஃபலோவின் தென்புறப் பகுதிகளில் சில நாட்களில் 2 மீட்டர் வரை கொட்டியது. ஏரி உறைந்துவிட்டால் ஈரம் நின்றுபோகும், பனியும் குறையும். ஜப்பான் கடலின் அந்தப் பகுதி உறைவதில்லை. அதனால் பருவம் முழுக்க ஓய்வில்லை.

உலகமே சூடாகுதுங்கிறாங்க. அப்போ இதெல்லாம் குறையணுமே, ஏன் இன்னும் சாதனை வருது?

மொத்தத்தில் குறைந்துதான் வருகிறது. ஜப்பான் கடல் பக்கம் வருடத்தின் உச்ச ஆழம் 1960-களிலிருந்து பார்த்தால் இறங்குமுகம். தகாதா போன்ற ஊர்கள் ஏற்கெனவே பூஜ்யத்தின் விளிம்பில் நிற்பவை. கொஞ்சம் சூடேறினால் பனியாக வர வேண்டியது மழையாக விழுந்துவிடும்.

ஆனால் கடலும் சூடாகிறதே. மூன்றாவது பதிலில் சொன்ன வித்தியாசக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஈரம் கூடும். குளிர்ந்த காற்று வலுவாக வரும் சில நாட்களில், மலைகளிலும் வடக்கிலும் ஒரே மூச்சில் கொட்டும் அளவு பெரிதாகலாம். 2021 ஜனவரியில் தகாதாவில் மூன்றே நாளில் 187 செ.மீ. விழுந்தது. பருவம் மெலிவதும் ஒரு வாரம் மிரட்டுவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

காரைக்குடியில என்னைக்காவது விழுமா?

விழாது. நம் ஐப்பசி இடி மேகத்தின் உச்சியிலும் பனிப்படிகம் உண்டு; ஆனால் நம் வானத்தில் பூஜ்ய டிகிரி சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்குவதற்குள் எல்லாம் மழையாகிவிடும். அரிதாக ஆலங்கட்டி வரும், அவ்வளவுதான்.

மகளுக்கு ஜனவரியில பேறுகாலம், ஆச்சி கனசாவா போகணும். என்ன சொல்லி அனுப்புறது?

குளிரைவிட வழுக்கல்தான் ஆபத்து. உள்ளே கம்பளி வைத்த, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும்; இங்கிருந்து கொண்டுபோகும் ஷூ உதவாது. கூரை ஓரத்தின் கீழ் நிற்க வேண்டாம், பனி மொத்தமாகச் சரியும். சாலையோரம் பனியைத் தள்ளிவிடத் திறந்து வைத்திருக்கும் வாய்க்கால்கள் உண்டு, புதுப்பனி மூடியிருந்தால் தெரியாது. ஊர்க்காரர் நடந்த தடத்திலேயே நடக்கட்டும். பல வீடுகளில் மண்ணெண்ணெய் ஹீட்டர்தான். மணிக்கு ஒரு தடவை ஜன்னலைச் சற்றுத் திறக்கச் சொல்லுங்கள், குழந்தை இருக்கும் அறையில் கட்டாயம். சேலை கட்டுவதென்றால் உள்ளே இறுக்கமான கம்பளிக் கால்சட்டையும், கொசுவம் கணுக்காலுக்கு மேலேயும் இருக்கட்டும். விமானச்சீட்டு எடுக்கும்போது டோக்கியோவிலிருந்து ரயிலில் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள்: கரையோரச் சிறு விமான நிலையங்கள் பெரும்பனி நாளில் மூடிவிடும், ஷின்கான்சென் பெரும்பாலும் ஓடும்.